வாடிய செடிக்குச் சர்க்கரைத் தண்ணீர்: செடிக்கு இனிப்பு தெரியுமா?

மாடிக்கத்திரி · முத்தியால்பேட்டை, புதுச்சேரி
செவ்வாய், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் பதினெட்டுத் தொட்டி வைத்திருக்கிறேன். கத்திரி, மிளகாய், தக்காளி, ஒரு கறிவேப்பிலை. அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து தினமும் பதினோரு மணிக்கே கத்திரி தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறது. மதியம் கடல்காற்று வந்த பிறகு கொஞ்சம் நிமிரும். சில நாள் அதுவும் இல்லை.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் வந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து ஸ்பூன் சர்க்கரை கலந்து வாடிய செடிக்கு ஊற்றினால் இரண்டு மணி நேரத்தில் நிமிருமாம், மயங்கி விழுந்த மனிதனுக்குக் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி. நம்பி ஆறு தொட்டிக்கு ஊற்றினேன். மறுநாள் காலையில் எறும்பு ஊர்வலம். ஐந்தாம் நாள் இரண்டு கத்திரி வெளுத்துப்போனது. ஒரு மிளகாய் போயே போய்விட்டது.

அத்தை சொல்கிறார்கள், வெள்ளைச் சர்க்கரை போட்டதுதான் தப்பு, நாட்டுச் சர்க்கரை போட்டிருக்க வேண்டுமாம். எனக்கு வேறு சந்தேகம். செடிக்குச் சர்க்கரை என்று ஒன்று இருப்பதே தெரியுமா? தெரிந்தால் வெயிலில் அது என்ன செய்யும்?

சும்மா ஒருத்தன் · லாஸ்பேட்டை
செவ்வாய், இரவு 9.40

செடிக்கு நாக்கா இருக்கு? தண்ணீர் இல்லாவிட்டால் வாடும், ஊற்றினால் நிமிரும். இதற்கு ஓர் இழையா? எறும்புக்கு மட்டும் நல்ல விருந்து.

பதினேழாம் வட்டம் · நெய்வேலி
செவ்வாய், இரவு 10.25

மிளகாய் ஏன் போனது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து ஸ்பூன் என்றால் சுமார் 50 கிராம். சர்க்கரையின் மூலக்கூறு எடை 342. அப்படியானால் லிட்டருக்கு 0.146 மோல். 30 டிகிரி வெப்பத்தில் இதன் சவ்வூடு அழுத்தம், அதாவது கரைசல் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து வைக்கிற பலம், சுமார் 3.7 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு).

இது பெரிதா சிறிதா? நன்றாகத் தண்ணீர் விட்ட மண்ணிலிருந்து நீரை உறிஞ்ச வேருக்கு 0.3 பார் இழுவை இருந்தாலே போதும். 15 பார் தேவைப்படும் அளவுக்கு மண் காய்ந்துவிட்டால் பெரும்பாலான பயிர்கள் நிரந்தரமாக வாடிவிடும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நீங்கள் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே அதை இழுப்பதைப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் கடினமாக்கியிருக்கிறீர்கள். அதுவும் ஊற்றிய நிமிடத்தின் கணக்குதான். தொட்டியில் பாதித் தண்ணீர் ஆவியாகிப் போனால் மிச்சத்தில் சர்க்கரை இரட்டிப்பாகும், அழுத்தம் 7 பாரைத் தாண்டும். மொட்டை மாடித் தரையில் மே மாத வெயிலில் அதற்கு ரொம்ப நேரம் ஆகாது.

ஒரே ஸ்பூன் போட்டிருந்தால் 0.37 பார். செடி கண்டுகொள்ளாது. எறும்பு மட்டும் கண்டுகொள்ளும்.

வெளுத்துப்போனதற்கும் காரணம் உண்டு. மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களுக்குச் சர்க்கரை கிடைத்தால் மளமளவென்று பெருகும். பெருக நைட்ரஜன் வேண்டும். அதைச் செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஜீவாமிர்தத்தில் 200 லிட்டருக்கு இரண்டு கிலோ வெல்லம் போடுகிறோமே, அதுவும் நுண்ணுயிருக்குத்தான், செடிக்கு இல்லை. அங்கே சாணமும் கோமியமும் பயறு மாவும் சேர்ந்து போவதால் நைட்ரஜன் தட்டுப்பாடு வருவதில்லை. அத்தையிடம் சொல்லுங்கள், நாட்டுச் சர்க்கரை போட்டிருந்தாலும் கதை இதுதான்.

ஓய்வு டீச்சர் · மஞ்சக்குப்பம், கடலூர்
புதன், காலை 6.05

நெய்வேலி சார் தொட்டிக்கு வெளியே நடந்ததைச் சொல்லிவிட்டார். இலைக்குள்ளே நடப்பதை நான் சொல்கிறேன். முப்பது வருஷம் தாவரவியல் எடுத்தவள், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

சும்மா ஒருத்தன் தம்பி, நாக்கு இல்லை. ஆனால் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று செடிக்குத் தெரியும். தெரிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அதைச் செய்வதும் அதுதான், செலவு செய்வதும் அதுதான். கையில் காசு எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் யாராவது வீடு கட்டத் தொடங்குவார்களா?

இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. அராபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்தில் ஒரு சின்னச் செடி. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் இதைத்தான் வளர்ப்பார்கள். அதன் விதையைச் சாதாரண ஊடகத்தில், அதாவது செடி வளர்க்கிற கூழில், தூவினால் நாலைந்து நாளில் இரண்டு பச்சை விதையிலை விரியும். 6 சதவீதம் குளுக்கோஸ் கலந்த ஊடகத்தில் தூவினால் முளை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடும். விதையிலை விரியாது, பச்சையும் பிடிக்காது. அந்தக் கூட்டத்தில் எங்கோ ஒரு நாற்று மட்டும் எதையும் சட்டை செய்யாமல் பச்சையாக விரிந்து நிற்கும். அதற்குச் சர்க்கரை உறைக்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட நாற்றுகளைப் பொறுக்கி எடுத்து, அவற்றில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று தேடினார்கள்.

ஒன்றில் கெட்டிருந்தது ஹெக்சோகைனேஸ். இது நம் உடம்பிலும் ஈஸ்ட்டிலும்கூட இருக்கிற நொதிதான். குளுக்கோஸ் வந்ததும் அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை மாட்டிவிடும், அதுதான் அதன் உத்தியோகம். அமெரிக்காவில் ஜென் ஷீன் குழுவினர் 2003-ல் ஒரு காரியம் செய்தார்கள். பாஸ்பேட் மாட்டும் வேலையைச் செய்ய முடியாதபடி அந்த நொதியை மாற்றி, அதைச் செடிக்குள் திரும்ப வைத்தார்கள். வேலை நின்றது, ஆனால் செடிக்குச் சர்க்கரை மறுபடி உறைத்தது! ஆக, அந்த நொதிக்கு இரண்டு உத்தியோகம். ஒன்று சமையல், இன்னொன்று கணக்குப்பிள்ளை வேலை.

இப்போது மாடிக்கத்திரி கேட்ட வறட்சிக்கு வருகிறேன். சர்க்கரை உறைக்காத இன்னொரு நாற்றில் கெட்டிருந்தது, அப்சிசிக் அமிலம் தயாரிக்கும் மரபணு. மண் காயும்போது செடியில் பெருகுகிற ஹார்மோன் அது. இலைத்துளைகளை மூடச் சொல்வது அதுதான். சர்க்கரை தெரியாத செடியைத் தேடப் போனார்கள், வறட்சி ஹார்மோன் செய்யத் தெரியாத செடி கையில் சிக்கியது. செடியைப் பொறுத்தவரை இனிப்பும் வறட்சியும் ஒரே பேரேட்டில்தான் எழுதப்படுகின்றன.

பால் பொங்குகிறது, வந்துவிடுகிறேன்.

சும்மா ஒருத்தன்
புதன், காலை 8.30

டீச்சர், கிண்டல் இல்லாமல் கேட்கிறேன். நெய்வேலி சார் கணக்குப்படி 6 சதவீதம் குளுக்கோஸ் என்றாலே அழுத்தம் எகிறுமே. நாற்று நின்றது தண்ணீர் இழுக்க முடியாமல்தான் என்று ஏன் சொல்லக்கூடாது? உப்புத் தண்ணீரில் போட்டாலும் நிற்கத்தானே செய்யும்?

ஓய்வு டீச்சர்
புதன், காலை 9.15

வகுப்பில் இருந்திருந்தால் உன்னை முதல் பெஞ்சுக்கு அனுப்பியிருப்பேன். இதே சந்தேகம் அவர்களுக்கும் வந்தது. மானிடால் என்று ஒரு பொருள், அதே அழுத்தத்தைத் தரும், ஆனால் குளுக்கோஸ் இல்லை. அதே அளவு மானிடாலில் போட்ட நாற்றுகள் அந்த மாதிரி நிற்கவில்லை, பச்சை பிடித்தன. அழுத்தம் மட்டும் காரணம் இல்லை.

பதினேழாம் வட்டம்
புதன், பகல் 1.10

எனக்குச் சுகர் வந்து எட்டு வருஷம் ஆகிறது. டீச்சர் சொல்வதைப் படித்தால் செடிக்கும் தினமும் சுகர் பார்க்கிற கருவி உள்ளேயே இருக்கிற மாதிரி தெரிகிறது. எனக்கு அந்த வசதி இல்லை, விரலைக் குத்த வேண்டியிருக்கிறது.

ஓய்வு டீச்சர்
புதன், மாலை 4.50

உங்கள் கணையத்திலும் இருக்கிறது சார். அங்கே குளுக்கோஸ் அளவைப் பார்ப்பது குளுக்கோகைனேஸ், ஹெக்சோகைனேஸின் பங்காளி.

நீங்கள் மெட்ஃபார்மின் போடுகிறவராக இருந்தால் இன்னோர் உறவும் உண்டு. அந்த மாத்திரை உடம்பில் தூண்டிவிடுகிற விஷயங்களில் ஒன்று ஏஎம்பிகே என்கிற புரதம். செல்லில் சக்தி குறைந்தால் விழித்துக்கொண்டு 'செலவைக் குறை' என்று சொல்வது அதன் வேலை. செடியில் அதன் உறவுக்காரர் ஸ்நர்க்-1. சர்க்கரை குறைந்தால் இது எழும், வளர்ச்சி வேலைகளை நிறுத்தும், சேமிப்பை உடைத்துச் சாப்பிட வழி செய்யும். எதிர்ப்பக்கம் டார் என்று ஒருவர். சர்க்கரை தாராளமாக இருந்தால் 'கட்டு, வளர்' என்பவர். ஈஸ்டர் தீவு மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து ராபமைசின் என்று ஒரு மருந்து எடுத்தார்களே, அது தாக்குகிற புரதம் என்பதால் வந்த பெயர். ஒரு வீட்டில் கைச்செலவுக்காரரும் கஞ்சரும் இருந்தால் எப்படியோ, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அப்படி.

கரும்புக் கரணை · பண்ருட்டி பக்கம்
புதன், இரவு 9.55

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். டீச்சர் சொல்வதில் எனக்கு ஒன்று இடிக்கிறது. சர்க்கரை குறைந்தால் வளர்ச்சி நிற்கும் என்கிறீர்கள். என் வயலில் நான் பார்ப்பது தலைகீழ். தண்ணீரை நிறுத்தினால்தான் சர்க்கரையே ஏறுகிறது.

கரும்பு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்து மாதம் வரை தண்ணீர் கட்டிக்கொண்டே இருப்போம். வெட்டுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் பாசனத்தை நிறுத்திவிடுவோம். கரும்பு நீளுவதை விட்டுவிடும், தோகை மஞ்சளடிக்கும். சாற்றின் இனிப்பைப் பார்க்கிற பிரிக்ஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினால் தெரியும். அடிக்கணுவில் ஊசியால் குத்தி ஒரு சொட்டுச் சாறு கண்ணாடிமேல் விட்டு, சூரியனைப் பார்த்துப் பிடித்தால் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு கோடு. அடியில் 20, நுனியில் 14 என்றால் இன்னும் முற்றவில்லை. இரண்டும் கிட்டக்கிட்ட வந்தால் வெட்டலாம். தண்ணீர் நிறுத்திய வயலில் நுனி சரசரவென்று ஏறி அடியைப் பிடிக்கும். பக்கத்து வயலில் கடைசி வரை தண்ணீர் விட்டவர் கரும்பு பார்க்கத் தளதளவென்று இருக்கும், சாறு சப்பென்று இருக்கும்.

பேராசைப்பட்டு ஒரு வருஷம் நான் இருபத்தைந்து நாள் நிறுத்தினேன். நம் செம்மண் எவ்வளவு நாள் ஈரம் தாங்கும் என்று யோசிக்கவில்லை. பிரிக்ஸ் நன்றாகத்தான் காட்டியது. எடை மேடையில் ஏற்றியபோதுதான் வயிறு எரிந்தது. நடுவில் சக்கையடித்துப் போயிருந்தது.

சிஓசி 671 கரும்பு ரகம் எல்லாம் போட்ட தலைமுறை நாங்கள். அதில் கடைசி சி கடலூரைக் குறிக்கிறது என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. இனிப்பில் அதை அடிக்க அப்போது ஆள் இல்லை. சரி, கேள்விக்கு வருகிறேன். காய்ந்தால் செடியில் சர்க்கரை ஏறுமா, இறங்குமா?

ஓய்வு டீச்சர்
வியாழன், காலை 5.45

இந்த இழைக்கே இதுதான் கேள்வி. கரும்பு அண்ணன் கேட்டுவிட்டார். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் ஏறும், ரொம்பக் காய்ந்தால் இறங்கும். ஏன் என்றால், வறட்சி வந்ததும் செடியில் முதலில் நிற்பது சமையல் இல்லை. முதலில் நிற்பது வளர்ச்சி. செல் பெரிதாக வேண்டுமானால் உள்ளேயிருந்து தண்ணீர் அழுத்தம் சுவரைத் தள்ள வேண்டும், காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி. அழுத்தம் லேசாகக் குறைந்தாலே புதுச் செல்கள் விரிவது நின்றுவிடும். அந்த நேரத்தில் இலைத்துளைகள் முழுக்க மூடியிருக்காது. ஒளிச்சேர்க்கை ஓடிக்கொண்டே இருக்கும். வரவு வருகிறது, கட்டட வேலை நின்றுவிட்டது, காசு என்ன ஆகும்? சேரும். உங்கள் கரும்பில் நுனிக்கணு அடிக்கணுவைப் பிடித்தது அப்படித்தான். நீளுவதற்குச் செலவாக வேண்டிய சர்க்கரை தண்டிலேயே தங்கிவிட்டது.

அப்படிச் சேர்ந்த சர்க்கரைக்கு வேறு வேலையும் இருக்கிறது. நெய்வேலி சார் மண்ணில் கணக்குப் பார்த்த அதே அழுத்தத்தைச் செடி தன் செல்லுக்குள்ளே உண்டாக்கிக்கொள்கிறது. உள்ளே கரைசல் கெட்டியாக இருந்தால் காய்கிற மண்ணிலிருந்தும் கொஞ்சம் தண்ணீர் இழுக்க முடியும். அதற்காகச் சில செடிகள் இலையில் இருக்கிற மாவுச்சத்தை உடைத்துக்கூடச் சர்க்கரையாக்கும். அந்த உடைப்பைக் கிளப்பிவிடுவதும் அப்சிசிக் அமிலம்தான். அதே சர்க்கரைத் தண்ணீர்தான் மாடிக்கத்திரி! செல்லுக்குள் இருந்தால் செடிக்கு உதவி, வேருக்கு வெளியே இருந்தால் எதிரி.

இன்னும் ஒரு படி. இஸ்ரேலில் 2013-ல் காட்டினார்கள், இலையில் சர்க்கரை கூடினால் அது இலைத்துளையின் காவல் செல்களை எட்டி, அங்கேயிருக்கிற ஹெக்சோகைனேஸ் வழியாகத் துளையை மூட வைக்கிறது என்று. சர்க்கரை போதும் என்றால் எதற்குக் கதவைத் திறந்து வைத்துத் தண்ணீரை விட வேண்டும்? இங்கேயும் அப்சிசிக் அமிலம் கூடவே நிற்கிறது.

வறட்சி நீடித்தால் துளைகள் இறுக மூடிக்கொள்ளும். கரியமில வாயு உள்ளே வராது, வரவு நின்றுபோகும், ஆனால் உயிர் வாழ்கிற செலவு நிற்காது. அப்போதுதான் ஸ்நர்க்-1 எழுந்து சேமிப்பை உடைக்கும். உங்கள் இருபத்தைந்து நாள் அந்தப் பக்கம் போய்விட்டது அண்ணே. அதிலும் பிரிக்ஸ் நன்றாகக் காட்டியதில் பாதி ஏமாற்று. தண்ணீர் போனாலும் எண் ஏறும், சர்க்கரை கூடியிருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை.

கரும்புக் கரணை
வியாழன், காலை 7.20

கடைசி வரி குத்துகிறது டீச்சர். உண்மைதான். டன் குறைந்து பிரிக்ஸ் ஏறியதை நான் லாபம் என்று நினைத்தேன்.

இன்னொன்று. வறட்சி வந்தால் யூரியாவும் பொட்டாஷும் இரண்டரை சதவீதம் கலந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை கரும்புக்கு அடிக்கச் சொல்வார்கள். பொட்டாஷ் எதற்கு என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

ஓய்வு டீச்சர்
வியாழன், காலை 7.45

காவல் செல் திறப்பதும் மூடுவதும் பொட்டாசியத்தை உள்ளே வெளியே அனுப்பித்தான். கதவுக் கீல் அது.

நிர்வாகி
வியாழன், காலை 11.00

'செடிச் சர்க்கரை ஹார்மோன்' என்று பாட்டில் விற்ற இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இந்த இழையில் விளம்பரம் வேண்டாம்.

பாகூர் ஏரிக்கரை · பாகூர்
வியாழன், இரவு 8.40

பேரன் படித்துக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன்தான் இதை அடிக்கிறான்.

கரும்புக்காரர் பாடு தேவலாம், அவருக்குச் சர்க்கரையாவது ஏறியது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஏரிக்கு வருகிற பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, ஏரியில் மாடு மேய்ந்தது. மூன்று ஏக்கர் சம்பா. தூர் கட்டும் வரை போர்த் தண்ணீரில் ஓட்டினேன். தொண்டைக்கதிர் வந்த நேரத்தில், கதிர் இன்னும் வெளியே வராதபோது, மோட்டாரும் காற்று வாங்கியது. பத்து நாள் காய்ந்தது. அப்புறம் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் கெஞ்சித் தண்ணீர் வாங்கி விட்டேன். பயிர் பச்சையாகத் திரும்பியது. கதிரும் வந்தது. நிமிர்ந்தே நின்றது ஐயா, தலை சாயவில்லை. உருவிப் பார்த்தால் முக்கால்வாசி கருக்காய், உள்ளே அரிசியே இல்லை.

தண்ணீர் விட்ட பிறகு இலை பிழைத்தது, தண்டு பிழைத்தது, நெல் மட்டும் ஏன் பிழைக்கவில்லை? டீச்சரம்மா சொல்கிறபடி சர்க்கரை சேர்ந்திருந்தால் அது கதிருக்குப் போயிருக்க வேண்டாமா?

ஓய்வு டீச்சர்
வெள்ளி, காலை 6.20

ஐயா, உங்கள் பேரனுக்கு என் ஆசி.

நீங்கள் கேட்டதற்குப் பதில் பூவின் மகரந்தப் பையில் இருக்கிறது. கதிர் வெளியே வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால், தொண்டைக்குள் இருக்கும்போதே மகரந்தத் தூள் உருவாகத் தொடங்கும். அந்தத் தூள் ஒவ்வொன்றும் வயிற்றில் மாவுச்சத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். பூ மலர்ந்த பிறகு சூல்பை வரை குழாய் விட அதுதான் கட்டுச்சோறு. இலையிலிருந்து வருகிற சர்க்கரையை அங்கே உடைத்துக் கொடுப்பது இன்வர்டேஸ் என்கிற நொதி. கோதுமையிலும் நெல்லிலும் பார்த்திருக்கிறார்கள், அந்தப் பருவத்தில் காய்ந்தால் இன்வர்டேஸ் விழுந்துவிடுகிறது. சர்க்கரை பைக்குள் வந்து கிடக்கும், உடைக்க ஆள் இருக்காது. மூட்டை வாசலில் இறங்கிவிட்டது, பிரித்துச் சமைக்கிறவர் வரவில்லை. மகரந்தம் பட்டினியாகிச் செத்துவிடும். அதற்குப் பிறகு ஏரியையே திருப்பிவிட்டாலும் அந்தத் தூள் உயிர் பெறாது. இலை தாங்கும், மகரந்தம் தாங்காது.

பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் பிள்ளைகளை விட்டுக் காய்ந்த வயலிலிருந்தும் தண்ணீர் பாய்ந்த வயலிலிருந்தும் நெற்பூ கொண்டுவரச் சொன்னேன். மகரந்தத்தின்மேல் ஒரு சொட்டு அயோடின். தண்ணீர் பாய்ந்தது மைக்ராஸ்கோப்பில் கருகருவென்று உருண்டையாக, மிளகு கொட்டின மாதிரி. காய்ந்தது வெளிறி, சுருங்கி, வெறும் தோல். ஒரு பையன் சொன்னான், "டீச்சர், இதுவும் கருக்காய்தான், சின்னக் கருக்காய்" என்று. எந்தப் புத்தகமும் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மக்காச்சோளத்தில் ஆண்பக்கம் இல்லை, பெண்பக்கம் விழுகிறது. பட்டுநூல் வந்து, மகரந்தம் சேர்ந்த பிறகும் பிஞ்சு மணிகள் பட்டினியில் கருகிவிடும். 1990-களில் அமெரிக்காவில் ஜான் பாயர் என்பவரின் குழு காய்ந்த செடியின் தண்டுக்குள் சர்க்கரைக் கரைசலை ஏற்றிப் பார்த்தது. தண்ணீர்ப் பற்றாக்குறை அப்படியே இருக்க, மணிகளில் கணிசமானவை பிழைத்தன.

சும்மா ஒருத்தன்
வெள்ளி, காலை 6.31

மாட்டிக்கொண்டீர்கள் டீச்சர். அப்படியானால் வாட்ஸ்அப் தகவல் சரிதானே! குளுக்கோஸ் ஏற்றினால் பிழைக்கிறது!

ஓய்வு டீச்சர்
வெள்ளி, காலை 7.02

பாதி சரி, ஒப்புக்கொள்கிறேன். நானும் அந்த ஆய்வை முதலில் படித்தபோது நம்பவில்லை. ஆனால் அவர்கள் தண்டுக்குள் ஏற்றினார்கள், பூக்கிற சில நாள்களில், பிஞ்சு மணியைக் குறிவைத்து. மண்ணில் ஊற்றவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸைக் கட்டில் காலில் ஊற்றுவார்களா?

இதே வழியில் இன்னும் போயிருக்கிறார்கள். செடியில் ட்ரெஹலோஸ்-6-பாஸ்பேட் என்று ஒன்று, இருக்கிற இடம் தெரியாத அளவுக்குக் கொஞ்சமாக இருக்கும். சர்க்கரை கூடினால் கூடும், குறைந்தால் குறையும், ஸ்நர்க்-1-ஐ அடக்கி வைக்கும். ஊர் முழுக்கச் சர்க்கரை வந்துவிட்டது என்று தண்டோரா போடுகிறவர் மாதிரி. இங்கிலாந்தில் 2016-ல் அந்தத் தண்டோராவையே தெளிப்பானில் கொடுத்துப் பார்த்தார்கள். இலைக்குள் நுழையும்படி மாற்றிச் செய்த மூலக்கூறு, வெயில் பட்டதும் உள்ளே பிரிந்து வேலை செய்யும். கண்ணாடிக்கூடத்துக் கோதுமையில் மகசூல் 20 சதவீதம் வரை கூடியது, காய்ந்த செடி திரும்பித் தளிர்ப்பதும் நன்றாக இருந்தது. கவனிக்க வேண்டியது, அவர்கள் சர்க்கரை கொடுக்கவில்லை, சர்க்கரை வந்துவிட்டது என்கிற செய்தியைத்தான் கொடுத்தார்கள். நிர்வாகி நீக்கிய பாட்டிலில் இருந்தது இது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பாகூர் ஏரிக்கரை
வெள்ளி, இரவு 7.50

புரிந்தது அம்மா. அடுத்த தடவை போர்த் தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் தூர் கட்டும்போது ஒரு பாய்ச்சலைக் குறைத்துத் தொண்டைக்கதிருக்கு வைத்துக்கொள்வேன். எங்கள் அப்பாவும் அதைத்தான் செய்வார், காரணம் சொன்னதில்லை.

மாடிக்கத்திரி
சனி, மாலை 5.30

தொட்டிகளில் நாலைந்து தடவை நல்ல தண்ணீர் ஊற்றி அடியில் வடியவிட்டேன், சர்க்கரை போகட்டும் என்று. மேலே தேங்காய் நார் பரப்பிப் பச்சை வலை கட்டியாயிற்று. வெளுத்த கத்திரி ஒன்று தளிர் விட்டிருக்கிறது. இன்னொன்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

கரும்பு அண்ணன் புதுச்சேரி வந்தபோது பிரிக்ஸ் மீட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார், ரொம்ப நன்றி. இரண்டு நாள் தண்ணீர் விடாத கத்திரி இலை, தினமும் விட்ட இலை, இரண்டையும் ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, பூண்டு நசுக்கியில் பிழிந்தேன். அம்மா இனிமேல் அந்த நசுக்கியைச் சமையலுக்குத் தொட மாட்டாராம். தண்ணீர் விட்டது 6, காய்ந்தது 10! டீச்சர் சொன்னது அப்படியே இருக்கிறது.

ஓய்வு டீச்சர்
சனி, மாலை 6.10

அவசரப்படாதே கண்ணு. கரும்பு அண்ணனுக்குச் சொன்னதே உனக்கும். காய்ந்த இலையில் தண்ணீர் குறைவு, அதனாலேயே எண் ஏறும். அதோடு அந்த மீட்டர் சர்க்கரையை மட்டும் பார்ப்பதில்லை, சாற்றில் கரைந்திருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். இரண்டு இலையையும் காம்போடு பறித்து, காம்பைத் தண்ணீரில் நிறுத்தி, மூடி இருட்டில் ராத்திரி முழுக்க வை. காலையில் இரண்டும் ஒரே மாதிரி விறைத்து நிற்கும்போது பிழிந்து பார். அதற்குப் பிறகும் வித்தியாசம் இருந்தால் பேசலாம்.

மாடிக்கத்திரி
ஞாயிறு, காலை 8.15

தண்ணீர் விட்ட இலை 6. காய்ந்த இலை 7.5. வித்தியாசம் குறைந்துவிட்டது, ஆனால் போய்விடவில்லை. ஓர் இலைதான், அதனால் ஒன்றும் சொல்ல மாட்டேன். இன்று ராத்திரி பத்துப் பத்து இலையாக வைக்கப் போகிறேன். டம்ளர் போதவில்லை.

கரும்புக் கரணை
ஞாயிறு, காலை 8.40

வையுங்கள் தங்கச்சி, வையுங்கள். ஆனால் புதன்கிழமை எனக்கு வெட்டு. மீட்டர் செவ்வாய்க்குள் வேண்டும்.